பெட்டைக் குட்டிக்கு எப்போது ஆபரேஷன்?

தெருவோரம் கிடந்த நாய்க்குட்டிகளை யாராவது எடுத்துவந்து, 'யாருக்காவது வேணுமா?' என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால், முதலில் வரும் கேள்வி 'ஆணா, பெண்ணா?' என்பதுதான். பெண் என்று பதில் போனதும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். ஆண் குட்டிகள் சட்டென்று வீடு சேர்ந்துவிடும். அதே ஈற்றில் பிறந்த பெண் குட்டிகள் அட்டைப் பெட்டியில் காத்திருக்கும். கேட்டால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஹீட்டுக்கு வரும், தெரு நாயெல்லாம் வாசல்ல நிக்கும், குட்டி போடும், யார் பார்க்கறது?"

இந்தப் பயத்துக்கு மருந்து ஒரு கருத்தடை அறுவை சிகிச்சை. கால்நடை மருத்துவர்களுக்கு அது அன்றாட வேலை. ஆனால் எப்போது செய்வது என்று விசாரித்துப் பாருங்கள், தலை சுற்றும். "ஆறு மாசம் ஆனதும் பண்ணிடுங்க" என்பார் ஒரு டாக்டர். "ஒரு ஹீட் போகட்டும்" என்பார் இன்னொருவர். "பெரிய ஜாதி, ஒரு வயசு தாண்டட்டும்" என்பார் மூன்றாமவர். பக்கத்து வீட்டுப் பாட்டியோ, "ஒரு தடவையாவது குட்டி போட விடும்மா, பாவம்" என்பார். முதல் மூன்று பேர் சொல்வதும் சரிதான், வெவ்வேறு நாய்களுக்கு. பாட்டி சொல்வதற்குத்தான் மருத்துவ ஆதாரம் கிடையாது. ஒருமுறை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை, அவ்வளவே.

ஆறு மாதக் கணக்கு

ஆறு மாதம் என்ற பேச்சுக்குப் பின்னால் 1969-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஷ்னைடர், டார்ன், டெய்லர் ஆகிய மூவரும் நாய்களுக்கு மடியில் வரும் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்தார்கள். முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு, செய்யாத நாய்களோடு ஒப்பிட்டால் அந்த ஆபத்து 0.5 சதவிகிதம்தான் இருந்தது. ஒரு ஹீட்டுக்குப் பிறகு செய்தால் 8 சதவிகிதம், இரண்டு ஹீட்டுக்குப் பிறகு என்றால் 26 சதவிகிதம். இந்த எண்களை இன்றும் பலர் தவறாகவே படிக்கிறார்கள். 26 சதவிகித நாய்களுக்குப் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. கருத்தடையே செய்யாத நாய்க்கு இருக்கும் ஆபத்தை 100 என்று வைத்துக்கொண்டால், இதற்கு 26 என்று பொருள்.

2012-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இதுபோன்ற பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி அலசினார்கள். பலன் இருக்கலாம், ஆனால் சான்றுகள் நாம் நினைத்த அளவு வலுவானவை அல்ல என்று முடிவு சொன்னார்கள். அதற்கடுத்த ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து வேறொரு குரல் எழுந்தது. பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் தம்பதியும் சக ஆய்வாளர்களும் தங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வந்த கோல்டன் ரெட்ரீவர்களின் பதிவேடுகளைத் தோண்டினார்கள். சின்ன வயதில் கருத்தடை செய்த நாய்களிடம் மூட்டுக் கோளாறுகள் அதிகமாகத் தெரிந்தன. பிறகு லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று போய், 2020-ல் 35 இனங்களுக்குக் கணக்கு வெளியிட்டார்கள்.

காரணம் எலும்பில் இருக்கிறது. வளரும் குட்டியின் கால் எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கும். 'போதும், வளர்ச்சியை நிறுத்து' என்று அவற்றுக்குச் சொல்வது சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். சினைப்பையை முன்கூட்டியே எடுத்துவிட்டால் அந்த உத்தரவு தாமதமாகிறது. எலும்பு இயல்பைவிடச் சற்று நீளமாக வளர்ந்துவிடும், மூட்டுகள் பொருந்தும் கோணம் மாறும். ஐந்து கிலோ நாயின் முழங்காலுக்கு இது பெரிய பாரமில்லை. முப்பது கிலோ நாய்க்கு அப்படியல்ல. முழங்கால் தசைநார் கிழிந்துபோனால் இன்னொரு ஆபரேஷன், அதுவும் இதைவிடப் பெரியது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, வளர்ந்தபின் உங்கள் நாய் என்ன எடை இருக்கும் என்பதை. எல்லை 20 கிலோ. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2019-ல் தந்த வழிகாட்டுதலும் இந்த எடையை ஒட்டித்தான் போகிறது. அதற்குக் கீழே நிற்கப்போகும் குட்டிகளுக்கு முதல் ஹீட்டுக்கு முன், ஐந்து ஆறு மாதத்தில் செய்யலாம். அதைத் தாண்டி வளரும் பெண் நாய்களுக்கு, நோய் ஆபத்துகளையும் வீட்டுச் சூழலையும் பார்த்து 5 முதல் 15 மாதத்துக்குள் டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம். லேப்ரடாருக்கு ஒரு வயது தாண்டட்டும் என்பது டேவிஸ் குழுவின் யோசனை. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயது வரை பொறுக்கச் சொல்கிறார்கள். கோல்டன் ரெட்ரீவர்தான் சிக்கல். எந்த வயதில் செய்தாலும் சில புற்றுநோய்கள் கூடுவதாக அவர்கள் பதிவேடு சொல்கிறது. ஒரே மருத்துவமனையின் பதிவேடு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம்ம ஊர் நாய்க்கு?

அந்த 35 இனங்களில் ராஜபாளையம் இல்லை. சிப்பிப்பாறை இல்லை, கன்னி இல்லை, கோம்பை இல்லை. நம் தெருக்களில் பிறந்து வீட்டுக்குள் வந்த நாட்டு நாய்களும் இல்லை. ஆகவே நம் இனங்களுக்கு எடையை வைத்துத்தான் கணிக்க வேண்டும். நல்ல வேளையாக, கலப்பின நாய்களை எடை வாரியாகப் பிரித்தும் டேவிஸ் குழு பார்த்திருக்கிறது. 20 கிலோவைத் தாண்டும் நாய்களுக்கு ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுப் பிரச்னை கூடுகிறது என்பதுதான் அங்கும் தெரிந்தது. சராசரி நாட்டுப் பெட்டை 20 கிலோவுக்குள் அடங்கிவிடும். அதனால் அதற்கு ஆறு மாதத்தையொட்டிச் செய்வதில் பெரிய தயக்கம் வேண்டாம். உயரமான ராஜபாளையத்துக்குப் பொறுக்கலாம்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் டாக்டரிடம் இன்னொன்றும் பேசிவிட வேண்டும். இவை வேட்டை நாய்கள், உடம்பில் கொழுப்பே இருக்காது. கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி நாய்களுக்குத் தயோபென்டோன் வகை மயக்க மருந்து கொடுத்தால் தெளிய நெடுநேரம் ஆகும் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். இப்போது வேறு மருந்துகள் இருக்கின்றன, கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரு நாய்களுக்கு மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களும் செய்யும் கருத்தடையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். விலங்குகளின் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி நாயைப் பிடித்து, ஆபரேஷன் செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடுவார்கள். அங்கே ஒரு நாய் இரண்டாவது முறை வலையில் சிக்கும் என்று யாரும் காத்திருக்க முடியாது. கிடைத்த அன்றே செய்வதுதான் புத்திசாலித்தனம். வீட்டு நாய்க்குத் தேதி குறிக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு கேட் எப்படி?

மருத்துவப் புத்தகங்கள் அதிகம் பேசாத ஒன்று இது. என் கணிப்பில் எடைக்குச் சமமான கனம் இதற்கும் உண்டு. பொறுத்துச் செய்யலாம் என்று முடிவெடுத்தால், நடுவில் ஒரு ஹீட்டைக் கடக்க வேண்டிவரும். அதைக் காப்பாற்றும் வசதி உங்கள் வீட்டில் இருக்கிறதா?

சின்ன நாய்கள் ஆறேழு மாதத்திலேயே முதல் ஹீட்டுக்கு வந்துவிடும். பெரிய ஜாதிகளுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். மொத்தம் சுமார் மூன்று வாரம். முதல் வாரத்தில் வீக்கமும் ரத்தக் கசிவும் தெரியும், ஆண் நாயைக் கிட்டே சேர்க்காது. இரண்டாவது வாரத்தில் கசிவின் சிவப்பு வெளிறும். 'அப்பாடா, முடிஞ்சுது' என்று வீட்டார் மூச்சுவிட்டு கேட்டைத் திறந்துவைக்கும் நேரம் அதுதான், நாய் சினைக்குத் தயாராகும் நேரமும் அதுதான். டயப்பர் போட்டால் தரை சுத்தமாக இருக்கும், சினைப்பிடிப்பதைத் தடுக்காது. மொட்டை மாடியில் விட்டால் பக்கத்து மாடி வழியாக வந்து நிற்கும் வீரர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் கேட்கவே வேண்டாம். அந்த மூன்று வாரமும் சங்கிலி இல்லாமல் வெளியே விடக் கூடாது, தோட்டத்திலும் தனியாக விடக் கூடாது.

தவறினால் சுமார் 63 நாளில் குட்டிகள். அது மட்டுமில்லை. நம் தெரு நாய்களிடையே இணைசேர்வதால் பரவும் ஒருவகைப் புற்றுக்கட்டி உண்டு. ஒரு நாயின் கட்டி அணுக்களே மற்ற நாயின் பிறப்புறுப்பில் ஒட்டி வளரும். வின்கிறிஸ்டின் ஊசியால் பெரும்பாலும் குணமாகும் என்றாலும், வாரக்கணக்கில் அலைச்சல்.

காம்பவுண்டு சுவர் இல்லாத வீடு, எந்நேரமும் திறந்து கிடக்கும் கதவு, குழந்தைகள் ஓடிவரும்போது தாழ்ப்பாள் போட மறக்கும் வீடு என்றால், நாய் 25 கிலோ ஆகப்போவதாக இருந்தாலும் முதல் ஹீட்டுக்கு முன்பே செய்துவிடுவது நல்லது. வராத மூட்டு வலிக்குப் பயந்து எட்டுக் குட்டிகளைத் தெருவில் விடுவதில் நியாயமில்லை.

'ஹீட் நிறுத்தற ஊசி' என்று சிலர் ஆண்டுதோறும் போட்டுக்கொண்டே போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஹார்மோன் ஊசிகள் கருப்பையில் சீழ் வைப்பதற்கும் மடிக் கட்டிக்கும் வழி செய்பவை.

தள்ளிப்போட்டால்

பொறுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், பலர் அதை மறந்துவிடலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வயது இரண்டாகி, இரண்டு ஐந்தாகும். அப்புறம் எட்டு ஒன்பது வயதில் ஒருநாள் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும், வாந்தி எடுக்கும். சில நாய்களுக்கு அடியில் சீழ் வடியும். வடியாதவைதான் இன்னும் ஆபத்து. இது பயோமெட்ரா, கருப்பையில் சீழ் கட்டுவது. பெரும்பாலும் ஹீட் முடிந்த சில வாரங்களில் வரும். ஸ்வீடனில் ஆரோக்கியமான நாய்க்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவு. அதனால் இந்த நோயின் இயல்பான அளவு அங்கே தெரியவந்தது. காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2001-ல் கணக்கிட்டபோது, பத்து வயதுக்குள் சுமார் நான்கில் ஒரு பெண் நாய்க்கு இது வந்திருந்தது. அப்போது செய்யும் ஆபரேஷனும் அதே கருப்பையை எடுப்பதுதான். ஆனால் ரத்தத்தில் விஷம் ஏறிய வயதான நாய்க்கு, நள்ளிரவில், அவசரமாக.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கருத்தடை செய்த பெண் நாய்கள் சிலவற்றுக்கு, குறிப்பாகப் பெரிய ஜாதிகளுக்கு, தூக்கத்தில் தன்னையறியாமல் சிறுநீர் கசியும். மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். மாத்திரைக்குக் கட்டுப்படும். படுக்கை நனைந்திருந்தால் நாயைத் திட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். 'குண்டாயிடும்' என்பது பாதி உண்மை. கருத்தடைக்குப் பின் உடம்புக்குத் தேவையான தீனி குறைகிறது, நாம் போடும் அளவு குறைவதில்லை. 'காவல் காக்காது' என்பது முழுப் பொய். பெண் நாய் வீட்டைக் காப்பது சினைப்பையால் அல்ல.

தேதி குறிக்கும் முன்

ஹீட்டில் இருக்கும்போது செய்வதைத் தவிர்க்கலாம். அப்போது கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தப்போக்கு கூடும். ஹீட் முடிந்த உடனேயும் வேண்டாம். அந்த நேரத்தில் செய்தால் சில நாய்களுக்குப் பொய்ச்சினை வந்து, மடியில் பால் கட்டி, பொம்மையைக் குட்டியாக நினைத்துக் காக்கும். ஹீட் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து மூன்று மாதம் தள்ளி நாள் பாருங்கள்.

தடுப்பூசிகள், பூச்சி மருந்து எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பார்வோ நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனைக்குத் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையைச் செலவு என்று கழிக்க வேண்டாம். தமிழ்நாட்டின் வெக்கையில் உண்ணி இல்லாத மாதமே கிடையாது. எர்லிக்கியா, பெபீசியா ஆகிய கிருமிகளைச் சுமந்துகொண்டே பல நாய்கள் வெளியில் திடமாகத் திரியும். உண்ணிக் காய்ச்சல் தட்டணுக்களைக் குறைத்துவிடும். தட்டணு குறைந்த நாயின் வயிற்றைத் திறந்தால் ரத்தம் உறையாது. தட்டணு எண்ணிக்கை சரியில்லை என்று டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தால், அவர் உங்கள் நாயின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்று பொருள்.

மருத்துவமனையில் கூச்சப்படாமல் கேளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் இதயத்துடிப்பையும் யார் கவனிப்பார்? ஆக்ஸிஜன் உண்டா? வலிக்கு ஊசி எப்போது போடுவார்கள்? ஏதாவது என்றால் ராத்திரி யாரை அழைப்பது? நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்விகள் கோபம் தராது. தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திவிடச் சொல்வார்கள். பாவம் என்று காலையில் இரண்டு பிஸ்கெட் கொடுத்துவிட்டு டாக்டரிடம் மறைக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மிகச் சின்னக் குட்டிகளுக்குப் பட்டினி நேரம் குறைவு, டாக்டர் சொல்லும் மணிக்கணக்கைப் பின்பற்றுங்கள்.

அந்த இரண்டு வாரம்

ஆபரேஷன் டாக்டர் பொறுப்பு, அடுத்த பதினான்கு நாள் உங்கள் பொறுப்பு. கெட்டுப்போகும் தையல்களில் பலவும் வீட்டில்தான் கெடுகின்றன.

முதல் நாள் மாலை நாய் தள்ளாடும், முனகும், நடுங்கும். மயக்க மருந்தால் உடம்புச் சூடு குறைந்திருக்கும், வெறும் டைல்ஸ் தரையில் படுக்கவிடாமல் தடித்த விரிப்பில் கிடத்துங்கள். சோபா, கட்டில், மாடிப்படி எதுவும் வேண்டாம். முழுதாக விழித்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அது தங்கினால் கைப்பிடியளவு குழைந்த சோறு. தொண்டைக்குள் குழாய் விட்டிருந்தால் ஓரிரு நாள் லேசாக இருமும். மலம் கழிக்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். இதெல்லாம் சகஜம்.

ஈறு வெளுத்துப்போவது சகஜமில்லை. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். காகிதம்போல் வெளுத்திருந்து, நாய் எழ மறுத்து, வயிறு உப்பியிருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காயத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருப்பது, தொடர் வாந்தி, ஒரு நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் இருப்பது, தையல் விட்டுப்போவது, சீழ், துர்நாற்றம் எதுவானாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

வலிக்கிறதே என்று நம் மாத்திரை டப்பாவைத் திறக்கவே கூடாது. பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், இபுபுரூஃபன் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் தந்த மருந்து, தந்த அளவு, அவ்வளவுதான். காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் பூச வேண்டாம். அதன் வாசனையே நாயை நக்க வைக்கும்.

நக்குவதுதான் முதல் எதிரி. நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு வாரம் ஒதுக்கிவையுங்கள். கழுத்தில் மாட்டும் கோன் மூக்கு நுனியைத் தாண்டி நீள வேண்டும். மாட்டியதும் நாய் சிலையாக நிற்கும், நிலைக்கதவில் முட்டும், உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். கழற்றிவிடாதீர்கள், ஓரிரு நாளில் பழகிவிடும். கோனை அறவே ஏற்காத நாய்க்கு, பழைய பனியனை மாட்டி முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுவது உண்டு. அது ஈரமானால் மாற்ற வேண்டும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் கோன் பயன்படாது, அது வந்து நக்கிவிட்டுப் போகும். இரண்டையும் பிரித்து வையுங்கள்.

அடுத்து ஈ. ஈரமான காயத்தில் ஈ மொய்த்தால் நம் வெயிலில் புழு வைக்க அதிக நேரம் ஆகாது. நாயை வெளியில் கட்டிப்போடும் வழக்கமுள்ளவர்களும் இந்த இரண்டு வாரம் உள்ளே வையுங்கள். முடியாவிட்டால் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். குளிப்பாட்டல் கிடையாது. மழைக்காலமானால் நடந்துவந்த பின் அடிவயிற்றை ஒற்றித் துடையுங்கள்.

மூன்றாம் நாளுக்கு மேல்தான் தலைவலி. வலி குறைந்ததும் இளம் நாய் பழையபடி துள்ளும், உங்களுக்கும் குணமாகிவிட்டது என்று தோன்றும். வெளித் தோல் ஒட்டியிருக்கலாம், உள்ளே வயிற்றுத் தசைக்கு இன்னும் வலு வரவில்லை. சங்கிலியோடு மெதுவாக நடத்திக்கொண்டுபோய் வேலையை முடித்துக் கூட்டிவாருங்கள், பந்து விளையாட்டெல்லாம் பிறகு. தினம் காலை, மாலை காயத்தைப் பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் ஒப்பிட வசதி. தையலோரம் சின்னதாக, வலியில்லாத புடைப்பு வரலாம், நீர் கோத்ததாக இருக்கும், தானே வற்றிவிடும். அது பெரிதாகிக்கொண்டே போனாலோ, சூடாக இருந்தாலோ காட்டிவிடுங்கள்.

பத்து முதல் பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். உள்தையல் என்றால் தானே கரைந்துவிடும், ஆனாலும் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். அன்றிலிருந்து சாப்பாட்டைக் கால் பங்கு குறைத்து, மாதம் ஒருமுறை விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியக் கூடாது. சில மாதம் கழித்து மறுபடி ஹீட் அறிகுறி தெரிந்தால், சினைப்பையின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம். பரிசோதித்துச் சொல்ல முடியும். இரண்டு மூன்று ஹீட் கடந்தபின் செய்த நாயாக இருந்தால், தடவிக்கொடுக்கும்போது மடிக் காம்புகளின் ஓரத்தையும் விரலால் பாருங்கள். கடலை அளவு கட்டி தென்பட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் குட்டிகளின் படம் வந்தால், பெண் குட்டி என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். ஒரு ஆபரேஷன், இரண்டு வாரக் கவனிப்பு, அதற்குமேல் ஆண் குட்டியைவிடக் கூடுதல் வேலை எதுவும் அதற்குக் கிடையாது.